எங்கே படித்தது என்பதும் கணினிக்கு நினைவிருக்கட்டும்: மொழி மாதிரிகளை உருவாக்குவோருக்கு ஒரு திறந்த மடல்

இணையத்தில் உள்ள எழுத்தைப் படிக்கவைத்துக் கணினிக்கு அறிவு புகட்டும் ஆய்வாளர்களுக்கும் பொறியாளர்களுக்கும்,

வணக்கம்.

விக்கிப்பீடியாவில் எழுதியும் திருத்தியும் வருகிற தன்னார்வலர்களில் நானும் ஒருவர். நீங்கள் உருவாக்கும் இயந்திரங்கள் எங்களைப் போன்றவர்கள் எழுதியதைப் படித்துத்தான் கற்கின்றன. அந்த உரிமையில் இதை எழுதுகிறேன். உங்கள் வேலையை நிறுத்தச் சொல்வதற்காக அல்ல. யாரும் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்காமல் ஓர் இயந்திரம் தானே படித்துத் தெரிந்துகொள்கிறது என்பது பெரிய காரியம். அதை மனமார மதிக்கிறேன். நான் கேட்பது ஒன்றே ஒன்றுதான். இயந்திரம் ஒரு தகவலைக் கற்கும்போது அதை எங்கே படித்தது, யார் எழுதியது, எப்போது எழுதியது என்பதையும் சேர்த்தே கற்கட்டும். இன்றைய முறையில் அந்த விவரம் பயிற்சி தொடங்கும் முன்பே பெரும்பாலும் கழற்றி எறியப்படுகிறது. அப்படி எறிவதால் என்ன கெடுகிறது என்பதை, சான்று தேடியே பழகிப்போன ஒருவரின் இடத்திலிருந்து சொல்லிப் பார்க்கிறேன்.

உங்கள் துறையின் பழைய கதையிலிருந்து தொடங்குகிறேன். ஏனென்றால் ஒருகாலத்தில் நீங்கள் இதைச் செய்துகொண்டுதான் இருந்தீர்கள்.

1984இல் கணினி அறிவியலாளர் டக்ளஸ் லெனட் தொடங்கிய சைக் திட்டத்தில் அறிவைக் கையால்தான் ஊட்டினார்கள். மரங்களெல்லாம் தாவரங்கள், தாவரங்கள் ஒருநாள் பட்டுப்போகும் என்பது போல, யாரும் வாய்விட்டுச் சொல்லாமலே எல்லோருக்கும் தெரிந்திருப்பதை ஆட்கள் உட்கார்ந்து விதி விதியாக எழுதினார்கள். ஆண்டுகள் ஓடின. விதிகள் லட்சக்கணக்கில் சேர்ந்தன. எழுத வேண்டியது மட்டும் தீர்ந்தபாடில்லை. மனிதர்கள் ஏற்கெனவே எழுதிவைத்திருப்பதை இயந்திரமே படித்துக்கொள்ளக் கூடாதா என்ற கேள்வி எழுந்ததில் வியப்பில்லை.

1992இல் மார்ட்டி ஹர்ஸ்ட் என்ற ஆய்வாளர் காட்டிய வழி மிக எளிமையானது. 'செம்பு, துத்தநாகம் போன்ற உலோகங்கள்' என்று ஒரு தொடர் வந்தால், செம்பு ஓர் உலோகம் என்று இயந்திரம் குறித்துக்கொள்ளலாம். பொருள் புரிய வேண்டியதில்லை. வாக்கியத்தின் அச்சு தெரிந்தால் போதும். 1998இல், கூகுள் நிறுவனர்களில் ஒருவரான செர்கே பிரின் வெறும் 5 புத்தகங்களின் தலைப்பையும் ஆசிரியர் பெயரையும் கொடுத்து ஒரு நிரலை ஓட்டினார். அந்தப் புத்தகங்கள் வலைப்பக்கங்களில் எந்த வடிவில் குறிப்பிடப்படுகின்றன என்று நிரல் கவனித்தது. அதே வடிவில் வேறு என்னென்ன வருகின்றன என்று தேடியது. கிடைத்தவற்றை வைத்து மேலும் வடிவங்களைக் கண்டுபிடித்தது. கடைசியில் 15,000க்கும் மேற்பட்ட புத்தகங்களின் பட்டியல் உருவாகிவிட்டது.

அப்புறம் 2010 ஜனவரியில் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் டாம் மிட்செலின் குழு 'நெல்' என்ற நிரலை இயக்கத் தொடங்கியது. நெவர் எண்டிங் லாங்குவேஜ் லேர்னிங், அதாவது முடிவில்லாமல் மொழி கற்பது என்பதன் சுருக்கம் அது. இரவு பகலாக வலைப்பக்கங்களைப் படித்து, இன்னது நகரம், இன்னார் விளையாட்டு வீரர், இந்த நிறுவனம் இந்த ஊரில் இருக்கிறது என்று சேர்த்துக்கொண்டே போவதுதான் அதன் வேலை. முதல் 67 நாள்களில் 2,42,000க்கும் அதிகமான தகவல்களைச் சேர்த்தது என்றும், அவற்றில் சுமார் 74 சதவீதம் சரியாக இருக்கும் என்றும் அந்தக் குழு தன் கட்டுரையில் எழுதியது. ஏறத்தாழ நான்கில் ஒன்று தவறு. அதைப் பூசி மெழுகாமல் அவர்கள் எழுதியதை இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.

அந்த நிரல் செய்த ஒரு தவறு உங்களில் பலருக்கும் தெரிந்திருக்கும். அடுப்பில் சுட்டெடுக்கும் பண்டங்கள் என்று ஒரு வகை அதற்குக் கொடுக்கப்பட்டிருந்தது. குக்கி அதில் ஒன்று. இணைய உலாவி நம் கணினியில் விட்டுவைக்கும் சின்னக் கோப்புக்கும் குக்கி என்றுதான் பெயர். 'இன்டர்நெட் குக்கி' என்று படித்ததும் அதையும் சுட்ட பண்டங்களில் சேர்த்துவிட்டது. 'இன்டர்நெட் குக்கிகளை அழித்தேன்' என்று மக்கள் எழுதுகிறார்கள். 'கோப்புகளை அழித்தேன்' என்றும் எழுதுகிறார்கள். ஆகவே கோப்புகளும் அடுப்பில் சுட்டவைதான் என்று முடிவு கட்டியது. ஆய்வாளர்கள் தலையிட்டு நிறுத்த வேண்டியிருந்தது.

இந்தக் கதையை வேடிக்கைக்காகச் சொல்வதுண்டு. எனக்கு அதில் முக்கியமாகப் படுவது வேறு. அவர்களால் தலையிட முடிந்தது. ஒவ்வொரு தகவலுக்கும் அருகில் அது எந்த வாக்கிய அச்சிலிருந்து வந்தது, எந்தச் சுற்றில் சேர்ந்தது, எவ்வளவு நம்பலாம் என்ற குறிப்பு இருந்தது. கோப்பு ஏன் சுட்ட பண்டமானது என்று நூல் பிடித்துப் பின்னோக்கிப் போனால் 'இன்டர்நெட் குக்கி'யில் போய் நிற்கலாம். அங்கே வெட்டினால் போதும், அதிலிருந்து கிளைத்ததெல்லாம் போய்விடும்.

சாட்ஜிபிடி போன்றவற்றுக்குள் இருக்கும் இன்றைய மொழி மாதிரிகள் படிக்கும் விதம் வேறு. அடுத்து வரப்போகும் சொல் எது என்று ஊகிப்பது, தவறினால் தனக்குள் இருக்கும் எண்களை இம்மியளவு நகர்த்திக்கொள்வது, மறுபடி ஊகிப்பது. 2020இல் வந்த ஜிபிடி-3 என்ற மாதிரியில் அப்படிப்பட்ட எண்கள் 17,500 கோடி. ஒரு கட்டுரையைப் படித்து முடித்ததும் அதன் தடம் அந்த எண்கள் முழுவதும் பரவிக் கரைந்துவிடும். எந்த வாக்கியம் எந்த எண்ணை நகர்த்தியது என்ற பதிவு எங்கும் மிஞ்சாது. இந்த முறையால் கிடைத்த பலனை நான் குறைத்துச் சொல்லவில்லை. மொழிபெயர்ப்பு, சுருக்கி எழுதுவது, புரியாததை வேறு விதமாக விளக்குவது என்று 'நெல்' தொட்டுக்கூடப் பார்க்காத வேலைகளை இவை செய்கின்றன. ஆனால் ஒரு தகவலைப் பிடித்து 'இதை எங்கே படித்தாய்?' என்று கேட்டால் அவற்றிடம் பதில் இல்லை. பதில் போல ஒன்றை எழுதித் தரும். அது படித்த இடமாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

மூலத்துக்கு மதிப்பு உண்டு என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. 2019இல் அதற்கு முந்தைய ஜிபிடி-2வுக்குத் தரவு சேர்த்தபோது, ரெட்டிட் என்ற இணைய விவாதத் தளத்தில் பயனர் வாக்குகளால் குறைந்தது 3 புள்ளியாவது பெற்ற இணைப்புகளை மட்டும் எடுத்தார்கள். யாரோ சிலராவது படித்துப் பயனுள்ளது என்று நினைத்த பக்கம் என்பதற்கு அது ஓர் அடையாளம். ஜிபிடி-3க்கு, வலைப்பக்கங்களை மொத்தமாக எடுத்துவைக்கும் காமன் க்ரால் சேகரிப்பிலிருந்து 45 டெராபைட் (ஒரு டெராபைட் சுமார் 1,000 கிகாபைட்) எழுத்தை எடுத்து 570 கிகாபைட்டாக வடிகட்டினார்கள். பயிற்சியில் அந்த வடிகட்டிய எழுத்தையும் பாதிகூடப் படிக்கவைக்கவில்லை. ஆங்கில விக்கிப்பீடியாவையோ மூன்று முறைக்கு மேல் படிக்கவைத்தார்கள். எதை ஒருமுறை புரட்டினால் போதும், எதைத் திரும்பத் திரும்பப் படிக்க வேண்டும் என்று மனிதர்கள் யோசித்து எடுத்த முடிவு அது. நல்ல முடிவு. ஆனால் அந்த மதிப்பீடு உங்கள் குறிப்பேட்டிலேயே தங்கிவிட்டது. இயந்திரத்துக்குப் போய்ச் சேர்ந்தது வெறும் எழுத்து. எது கலைக்களஞ்சியம், எது அரட்டை, எது விளம்பரம் என்பதை நடையைப் பார்த்து அதுவே ஊகித்துக்கொள்ள வேண்டும். உங்களுக்கு உறுதியாகத் தெரிந்த ஒன்றை அதை ஊகிக்கவிடுவது எதற்கு?

மூலம் தெரியாமல் படிக்கிறவர் எண்ணிக்கையைத்தான் நம்ப வேண்டிவரும். அதன் ஆபத்தை நான் அடிக்கடி பார்க்கிறேன். ஒன்றைக் கிட்டத்தில் காட்டுகிறேன்.

பழைய விஞ்ஞானி ஒருவரைப் பற்றிய கட்டுரையில் பிறந்த ஆண்டு இடித்தது. அவர் படித்து முடித்ததாகச் சொல்லப்படும் ஆண்டோடு அது பொருந்தவில்லை. தேடிப் பார்த்தேன். பக்கம் பக்கமாக அதே ஆண்டுதான். பள்ளிப் பாடக் குறிப்புகள், பொது அறிவு வினா விடைகள், பிறந்தநாள் பட்டியல்கள் என்று எங்கு பார்த்தாலும் ஒரே குரல். அச்சில் வந்த ஒரு வாழ்க்கைக் குறிப்பு அகராதி மட்டும் வேறு ஆண்டைச் சொன்னது. அது எந்தப் பதிவேட்டைப் பார்த்து எழுதப்பட்டது என்பதும் அதிலேயே இருந்தது. கை தூக்கச் சொல்லி எண்ணினால் அகராதி தோற்றிருக்கும். அப்போதுதான் ஒன்று கண்ணில் பட்டது. அவர் பிறந்த ஊரின் பெயரில் ஓர் எழுத்து விடுபட்டிருந்தது. அத்தனை பக்கங்களிலும் அதே எழுத்து விடுபட்டிருந்தது.

எங்கள் கட்டுரையின் 'வரலாறு' பகுதிக்குப் போனேன். ஒவ்வொரு திருத்தமும் நாளோடும் நேரத்தோடும் அங்கே இருக்கும். பல ஆண்டுகளுக்கு முன், சான்று எதுவும் தராமல், யாரோ ஒருவர் அந்த ஆண்டையும் எழுத்து விடுபட்ட அந்த ஊர்ப் பெயரையும் ஒரே திருத்தத்தில் சேர்த்திருக்கிறார். ஊர்ப் பெயரைப் பின்னால் வந்த ஒருவர் சரிசெய்துவிட்டார். ஆண்டு அப்படியே நின்றுவிட்டது. இடையில் எங்கள் பக்கத்திலிருந்து நகலெடுத்தவர்கள் அனைவரும் இரண்டையும் சேர்த்தே எடுத்துப் போயிருக்கிறார்கள். ஆக, அத்தனை பக்கங்களும் சேர்ந்து ஒரே ஒரு சாட்சிதான், அதுவும் ஆதாரமில்லாத சாட்சி. அகராதி என்ற சாட்சியோ தன் ஆதாரத்தைக் கையிலேயே வைத்திருந்தது.

இதே பக்கங்களை உங்கள் இயந்திரம் படித்தால் என்ன ஆகும்? திரும்பத் திரும்ப வருகிற ஆண்டு அழுத்தமாகப் பதியும். ஒருமுறை மட்டும் வரும் ஆண்டு பெரும்பாலும் பதியவே பதியாது. நகலை நகல் என்று அறிய வழி செய்யும் நாள், இணைப்பு, முகவரி எல்லாம் பெரும்பாலும் பயிற்சிக்கு முன்பே நீக்கப்பட்டிருக்கும்.

நகல்களை இப்போது களைகிறீர்கள், தெரியும். சி4 என்ற பயிற்சித் தரவில் 61 சொற்கள் கொண்ட ஒரே ஆங்கில வாக்கியம் 60,000 முறைக்கு மேல் வருவதை 2021இல் சில ஆய்வாளர்கள் கண்டு சொன்னார்கள். நகல் நீக்கம் எவ்வளவு அவசியம் என்பது அதிலிருந்தே தெரிகிறது. ஆனால் அது எழுத்து மாறாத நகலையும் ஏறக்குறைய ஒத்த நகலையும்தான் பிடிக்கும். சொல்லை மாற்றி, வரிசையை மாற்றி, இன்னொரு மொழியில் பெயர்த்து எழுதப்பட்ட நகல் தப்பிவிடும். தகவல் ஒன்றே, மூலம் ஒன்றே, உடை மட்டும் வேறு. எத்தனை பேர் சொன்னார்கள் என்று எண்ணுவதற்கு முன், ஒருவரைப் பார்த்து எழுதாமல் தாமாகக் கண்டு சொன்னவர்கள் எத்தனை பேர் என்று கேட்க வேண்டும். மூலத்தை வைத்திராமல் அந்தக் கேள்வியைக் கேட்கவே முடியாது.

எண்ணிக்கை இன்னொரு வழியிலும் தவறான இடத்துக்குக் கொண்டுபோகும். 2013இல் ஜொனாதன் கார்டன், பெஞ்சமின் வான் டுர்மே என்ற ஆய்வாளர்கள் எழுதிய கட்டுரை அதைத் தெளிவாகக் காட்டியது. எழுத்தில் எது எத்தனை முறை வருகிறது என்று பார்த்தால், மனிதர்கள் கண் சிமிட்டுவதைவிடவும் மூச்சை வெளியே விடுவதைவிடவும் கொலையே அதிக முறை வருகிறது. மூச்சு விட்டதை யார் எழுதிவைக்கப் போகிறார்கள்? வழக்கமானது எழுதப்படுவதில்லை, வழக்கத்துக்கு மாறானதுதான் எழுத்தில் ஏறும். சைக் திட்டத்தில் ஆட்கள் உட்கார்ந்து எழுதியது இந்த எழுதப்படாத பகுதியைத்தான். இதிலும் மூலம் உதவும். செய்தித்தாள் எழுதுவது நேற்று நடந்த அசாதாரணத்தை, உடலியல் பாடநூல் எழுதுவது தினமும் நடப்பதை என்ற வேறுபாடு தெரிந்த இயந்திரம், இரண்டையும் ஒரே தராசில் போடாது.

காலம் என்பது இதைவிடப் பெரிய சிக்கல். சனிக்கோளுக்கு எத்தனை நிலவுகள்? 2019க்கு முன் பல ஆண்டுகளாக 62 என்று எழுதினோம். அந்த ஆண்டு அக்டோபரில் 20 புதிய நிலவுகள் அறிவிக்கப்பட்டு 82 ஆனது. 2023இல் 146ஐத் தொட்டது. 2025 மார்ச்சில் 128 நிலவுகள் ஒரேயடியாகச் சேர்ந்து 274 ஆகிவிட்டது. இந்த எண்கள் எல்லாமே இணையத்தில் ஆயிரக்கணக்கான பக்கங்களில் கிடக்கின்றன. எழுதப்பட்ட நாளில் அவற்றில் எதுவும் பொய் இல்லை. 2006 ஆகஸ்ட் 24 அன்று சர்வதேச வானியல் ஒன்றியம் கோள் என்பதை வரையறுத்துப் புளூட்டோவைப் பட்டியலிலிருந்து எடுத்தது. அதற்கு முன் பல பத்தாண்டுகளாக அச்சான பாடநூல்களில் கோள்கள் 9தான். தேதியைக் கழற்றிவிட்டு இவற்றை ஒரே குவியலில் போட்டால் அவை ஒன்றையொன்று மறுக்கும் கூற்றுகளாகிவிடும். தேதியோடு வைத்தால் ஒரு துறை எப்படி வளர்ந்தது என்ற வரலாறாகும். ஒரே தரவுதான், கூடவே நாலு இலக்கம் இருக்கிறதா இல்லையா என்பதில்தான் இவ்வளவு வித்தியாசம்.

நிலவு எண்ணிக்கை மாறினால் எங்கள் பக்கத்தில் ஒரு வரியைத் திருத்துவோம். பழைய எண் 'வரலாறு' பகுதிக்குப் போய்விடும், புதிய எண்ணுக்குப் புதிய சான்று வரும். மொழி மாதிரியில் அப்படித் திருத்த ஒரு வரி இல்லை. பயிற்சி முடிந்த நாளோடு அதன் உலகம் நின்றுவிடுகிறது. நின்றது எந்த நாளில் என்பதுகூட அதற்குத் தெளிவாகத் தெரிவதில்லை, ஏனென்றால் படித்த பெரும்பாலானவற்றில் நாள் ஒட்டியிருக்கவில்லை.

இதற்கு நீங்கள் சொல்லும் பதிலை அறிவேன். கேள்வி வந்ததும் இணையத்தில் தேடி, கிடைத்த பக்கங்களைப் படித்து, இணைப்போடு பதில் தருகிற முறை வந்துவிட்டதே என்பீர்கள். வந்தது நல்லது. நானும் பயன்படுத்துகிறேன். ஆனால் பதிலின் ஓரத்தில் இணைப்பு இருப்பதும் அந்த இணைப்பு பதிலைத் தாங்குவதும் ஒன்றல்ல. 2023இல் இப்படிப்பட்ட நான்கு தேடுபொறிகளைச் சோதித்த ஆய்வில், எழுதப்பட்ட வாக்கியங்களில் 51.5 சதவீதம் மட்டுமே கொடுக்கப்பட்ட மேற்கோள்களால் முழுமையாக உறுதிப்பட்டன. அதன்பின் கருவிகள் முன்னேறியிருக்கின்றன. இருந்தாலும் சிக்கலின் வேர் அப்படியே இருக்கிறது. எந்தப் பக்கத்தை எவ்வளவு நம்பலாம் என்று எடைபோடப் பழகாத இயந்திரம், தேடிக் கிடைத்த பக்கத்தையும் எடைபோடாது. 2024 மே மாதம் கூகுள் தேடலின் ஏஐ சுருக்கம், பீட்சாவில் சீஸ் வழுக்காமலிருக்கப் பசை சேர்க்கலாம் என்று எழுதியது உலகமெல்லாம் செய்தியானது. பல ஆண்டுகளுக்கு முன் ரெட்டிட்டில் ஒருவர் விளையாட்டாக எழுதியதுதான் அதற்கு மூலம். அதை அங்கேயே படித்த மனிதர் ஏமாந்திருக்க வாய்ப்பில்லை, ஏனென்றால் அது எழுதப்பட்ட இடத்திலேயே அது விளையாட்டு என்பது தெரிந்தது. இடத்தை விட்டுவிட்டு வாக்கியத்தை மட்டும் எடுத்தபோதுதான் அது அறிவுரையாக மாறியது.

இப்போது இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. உங்கள் இயந்திரங்கள் எழுதிய எழுத்தே இணையத்தில் வந்து குவிகிறது. மாதிரிகள் தாங்களே எழுதியதைத் திரும்பத் திரும்பப் படித்துப் பயின்றால் அரிதான விஷயங்கள் முதலில் மறைந்து, போகப்போக எல்லாம் ஒரே சாயலாகிச் சீர்குலையும் என்று 2024இல் நேச்சர் இதழில் வந்த ஆய்வு காட்டியது. எங்களுக்கு அது அன்றாடப் பிரச்சினை. ஒரு கூற்றுக்குச் சான்றாக யாரோ ஒரு பக்கத்தைத் தருகிறார்கள். போய்ப் பார்த்தால் அந்தப் பக்கம் இயந்திரம் எழுதியது. அந்த இயந்திரம் அதை எங்கிருந்து கற்றது? எங்கள் பழைய கட்டுரையிலிருந்தாகவும் இருக்கலாம். அப்படியானால் நாங்கள் எழுதியதற்கு நாங்களே சான்றாகிவிடுகிறோம். மேலே சொன்ன விஞ்ஞானியின் கதையில் விடுபட்ட ஓர் எழுத்து காட்டிக்கொடுத்தது. இயந்திரம் எழுத்துப்பிழை இல்லாமல், அழகாக வேறு சொற்களில் எழுதும். அந்தத் தடயமும் கிடைக்காது. இந்த வட்டத்தை உடைக்க எங்களால் மட்டும் முடியாது.

இணையத்தில் எழுத்து குறைவாக இருக்கும் மொழிகளில் இது இன்னும் கூர்மையாகும். 2022இல் வெளியான ஒரு தணிக்கையில், வலையிலிருந்து நிரல்களால் தானாகச் சேகரித்த 205 மொழித் தரவுத் தொகுப்புகளை அந்தந்த மொழி தெரிந்தவர்களும் ஆய்வாளர்களும் கண்ணால் பார்த்துச் சரிபார்த்தார்கள். குறைந்தது 15 தொகுப்புகளில் பயன்படும் எழுத்தே இல்லை. வேறு பலவற்றில் பாதி வாக்கியங்கள்கூடத் தேறவில்லை. பெரிய மொழியில் ஒரு கெட்ட பக்கம் கூட்டத்தில் அமுங்கிவிடும். சின்னத் தொகுப்பில் அதே பக்கம் அந்த மொழியின் அறிவில் ஒரு பகுதியாகவே ஆகிவிடும். அங்கேதான் ஒவ்வொரு பக்கமும் எங்கிருந்து வந்தது என்ற குறிப்பு மிகவும் தேவை, அங்கேதான் அது மிகக் குறைவாக வைக்கப்படுகிறது. மொழி தெரிந்த ஒருவரிடம் மூலங்களின் பட்டியலை மட்டும் நீட்டினால் போதும், எதை எடுக்கலாம், எதை விட வேண்டும் என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவார். வெறும் வாக்கியக் குவியலைக் கொடுத்தால் அவராலும் முடியாது.

முடியாத காரியத்தைக் கேட்பதாக நினைக்காதீர்கள். 2012இல் தொடங்கிய, விக்கிப்பீடியாவின் உடன்பிறப்பான விக்கித்தரவு என்ற தகவல் தளத்தைப் பாருங்கள். அங்கே ஒவ்வொரு கூற்றோடும் அது எங்கே சொல்லப்பட்டது, எந்தக் காலத்துக்குப் பொருந்தும் என்று குறிக்க இடம் இருக்கிறது. தவறென்று தெரிந்த கூற்றை அழித்துவிட வேண்டும் என்றில்லை. கைவிடப்பட்டது என்ற தரத்தில் காரணத்தோடு வைக்கலாம். அடுத்து வருகிறவர் அதே தவறை மறுபடி கொண்டுவந்து சேர்க்காமல் இருக்க அது காவல். உங்கள் பக்கத்திலும் முயற்சிகள் நடக்கின்றன. ஆலன் ஏஐ ஆய்வு நிறுவனம் தன் ஓல்மோ என்ற மொழி மாதிரிகளின் பயிற்சித் தரவைத் திறந்தே வைத்திருக்கிறது. 2025இல் அது வெளியிட்ட ஓல்மோட்ரேஸ் கருவி, மாதிரி எழுதிய வரிகளில் எவை பயிற்சித் தரவில் சொல் மாறாமல் இருந்தன என்று சில நொடிகளில் தேடிக் காட்டுகிறது. ஒவ்வொரு ஆவணத்துக்கும் ஓர் அடையாளம் கொடுத்து, தகவலோடு அந்த அடையாளத்தையும் மாதிரிக்குக் கற்பிக்கும் ஆய்வும் 2024இல் வந்திருக்கிறது. இவை தொடக்கங்கள்தான். சொல் மாறாமல் இருப்பதால் மட்டும் மாதிரி அங்கிருந்துதான் கற்றது என்று ஆகிவிடாது என்பதை அந்தக் கருவியைச் செய்தவர்களே மறைக்கவில்லை. ஆனாலும் வழி இருக்கிறது என்பதற்கு இவ்வளவு போதும். மிச்சம், எதை முக்கியம் என்று நினைக்கிறீர்கள் என்பதுதான்.

செலவு கூடும் என்பது உண்மை. தரவு பெருக்கும், பயிற்சி நீளும். சில மூலங்களை வெளியே சொல்லத் தயக்கமும் இருக்கலாம். இணையத்தளங்கள் தேடும் நிரல்களிடம் 'இங்கே வராதே' என்று சொல்லும் ரோபோட்ஸ்.டிஎக்ஸ்டி வழக்கம் 1994லேயே வந்துவிட்டது. அதை மதித்துப் படித்தவர்களுக்கு எங்கே படித்தோம் என்று சொல்வதில் சங்கடம் இருக்காது. தன் எழுத்தை நீக்கச் சொல்லி ஒருவர் கேட்டால் அதைக் கண்டுபிடிக்கவாவது மூலக் குறிப்பு வேண்டாமா?

கடைசியாக எங்கள் வீட்டு விஷயம். 2018இல் கூகுளின் பெர்ட் என்ற மொழி மாதிரியைப் பயிற்றுவிக்க ஆங்கில விக்கிப்பீடியாவிலிருந்து 250 கோடிச் சொற்களை எடுத்தார்கள். ஓடும் உரையை மட்டும் வைத்துக்கொண்டு பட்டியல், அட்டவணை, தலைப்பு எல்லாவற்றையும் விட்டுவிட்டார்கள். எங்கள் பக்கங்களைத் துப்புரவாக்கப் பலரும் பயன்படுத்தும் நிரல்களும் அப்படித்தான் செய்கின்றன. வாக்கியத்தின் கடைசியில் சதுர அடைப்புக்குள் நிற்கும் சின்ன எண்ணை அழுக்கு என்று கருதித் துடைத்துவிடுகின்றன. அந்த எண்ணுக்காகத்தான் ஒரு தொகுப்பாளர் நூலகத்துக்குப் போகிறார், பழைய இதழின் பக்கத்தைத் தேடுகிறார், செத்துப்போன இணைப்புக்குக் காப்பகத்தில் நகல் இருக்கிறதா என்று பார்க்கிறார். வாக்கியம் எழுத ஒரு நிமிடம் போதும். சான்று தேடத்தான் மாலை முழுவதும் ஆகும். எங்கள் உழைப்பில் பெரும்பகுதி நீங்கள் துடைத்துப்போடுகிற இடத்தில்தான் இருக்கிறது.

அதனால் என் வேண்டுகோளைச் செய்து பார்க்கக்கூடிய அளவுக்குச் சுருக்கித் தருகிறேன். ஒரே அளவில் இரண்டு சின்ன மாதிரிகளை எடுங்கள். ஒன்றுக்கு வழக்கம்போலத் துடைத்த உரையைக் கொடுங்கள். மற்றொன்றுக்கு அடிக்குறிப்பு எண், அது சுட்டும் மூலம், சான்றில்லாத வரியில் நாங்கள் ஒட்டும் 'சான்று தேவை' என்ற குறிப்பு, ஒவ்வொரு வரியும் சேர்ந்த நாள், கட்டுரையைப் பற்றித் தொகுப்பாளர்கள் விவாதிக்கும் பேச்சுப் பக்கத்தில் நடந்த வாதம் எல்லாவற்றையும் விட்டுவைத்துக் கொடுங்கள். பிறகு இரண்டிடமும் சான்றுள்ள கூற்று எது, இல்லாதது எது, எந்த எண் எந்த ஆண்டுக்கு உரியது, எந்த இரண்டு பக்கங்கள் உண்மையில் ஒன்றே என்று கேட்டுப் பாருங்கள். வேறுபாடு இருந்தால் எவ்வளவு என்று வெளியிடுங்கள், இல்லையென்றாலும் வெளியிடுங்கள். தேவையான தரவு முழுத் திருத்த வரலாற்றோடு விக்கிமீடியாவின் பதிவிறக்கப் பக்கங்களில் எல்லோருக்கும் திறந்து கிடக்கிறது. பெயர் குறிப்பிட்டு, அதே உரிமத்தில் பகிர்வதென்றால் யாரும் பயன்படுத்தலாம். சோதனைக்கான கேள்விகளை எழுதவும் விடைகளைச் சரிபார்க்கவும் ஆள் வேண்டுமென்றால், அந்த வேலையில் என்னைச் சேர்த்துக்கொள்ளுங்கள். எங்கள் பேச்சுப் பக்கங்களில் கேட்டால் இன்னும் பலர் வருவார்கள்.

இப்படிக்கு,
விக்கிப்பீடியாவின் ஒரு தன்னார்வத் தொகுப்பாளர்